எழவுச் செய்திக்கு அண்ணி போட்ட மஞ்சள் முகம்

கேள்வி:

மெடம், நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. வயது 39. போன மாதம் என் அம்மா தவறிவிட்டார். பின்னேரம் ஆறு மணிபோல உயிர் போனது. சொந்தக்காரர் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குரூப்பில் தம்பி செய்தி போட்டான். பதுளை, கொழும்பு, இந்தியாவில் கூடலூர் வரைக்கும் இருக்கிற சொந்தங்கள் அனுதாபம் எழுதினார்கள்.

என் அண்ணன் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். போய் ஆறு வருசம். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் எங்கள் அம்மாதான் வளர்த்தார். அண்ணி குரூப்பில் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரவு இரண்டரை மணிக்கு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக்கொண்டு சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி மூன்றைப் போட்டிருந்தார். அவ்வளவுதான். அம்மாவைப் பெட்டியில் வைத்திருக்கும்போது அதைப் பார்த்த தம்பி கொதித்துப்போனான். ஸ்கிரீன் ஷொட் எடுத்து, "மாமியார் செத்ததுக்கு மருமகளோட சந்தோசம்" என்று எழுதி அதே குரூப்பில் போட்டுவிட்டான். பெரியம்மா பிள்ளைகள் வொயிஸ் போட்டுக் கண்டபடி பேசினார்கள். அண்ணி குரூப்பிலிருந்து விலகிவிட்டார். அண்ணன் கருமாதிக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அம்மாவுக்கும் அண்ணிக்கும் ஆரம்பத்திலிருந்தே அவ்வளவு ஒத்துவராது என்பதையும் மறைக்கவில்லை.

ஏ.எல். படிக்கிற என் மகள், "அது சிரிப்பு இல்லம்மா, ஹக்" என்கிறாள். அப்படியென்றால் எனக்கு இன்னொரு தலைவலி. எங்கள் முன்பள்ளிகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர், நான் மாத அறிக்கை அனுப்பினால் "நன்றி டீச்சர்" என்று எழுதி அதே மூஞ்சியைப் போடுவார். அம்மா இறந்தபோதும் "தைரியமாக இருங்க டீச்சர்" என்று எழுதி அதையே போட்டார். சிரிப்பு என்று நினைத்து நானும் ஒன்றிரண்டு தடவை அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மகள் சொன்னது வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. போனை வாங்கி எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் படத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம் மெடம்? அண்ணியோடு நான் பேசலாமா? டிசம்பரில் அவர் லீவில் வருகிறார். பிள்ளைகள் இப்போது எங்கள் வீட்டில்தான். மூத்தவளுக்கு 14 வயது, அவளும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள்.

பதில்:

அன்புத் தங்கச்சி,

அம்மா போய் ஒரு மாதம்தான் ஆகிறது. உட்கார்ந்து அழவேண்டிய நாளில் உங்களுக்குப் பஞ்சாயத்து பேச வேண்டி வந்திருக்கிறது. உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். அது சிரிப்பு என்றால் அண்ணி பொல்லாதவர், உத்தியோகத்தர் தங்கமானவர். கட்டிப்பிடிப்பது என்றால் அண்ணி தங்கமானவர், உத்தியோகத்தரைத்தான் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பி ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறார், உங்கள் வீட்டுக்காரர் மறுபக்கம். நடுவில் நின்றுகொண்டு நீங்கள் என்னிடம் அகராதி கேட்கிறீர்கள். அகராதியைப் பார்த்துச் சொல்லிவிடலாம், ஆனால் அதை வைத்து உங்கள் வீட்டுச் சண்டை தீராது. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாம் போனில் போடுகிற இந்தப் படங்களுக்கெல்லாம் உலகத்துக்குப் பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறது. யுனிகோட் என்பார்கள். தமிழ் எழுத்துகளுக்கும் அதில்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணி போட்ட மஞ்சள் முகம் 2015இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சேர்த்தபோது அதற்கு வைத்த பெயர், கட்டியணைக்கும் முகம். உங்கள் மகள் சொன்னது சரி. ஆனால் படத்தைப் பாருங்கள், கழுத்து இல்லை, தோள் இல்லை, ஒரு உருண்டையும் இரண்டு கையும்தான். அது யாரை எப்படிக் கட்டிப்பிடிக்கும்? பார்க்கிற ஆளுக்குக் கை விரித்துக் குதூகலிப்பதுபோலத்தான் தெரியும். பட்டியலை நடத்துகிறவர்களே பிற்பாடு போன்களில் காட்டும் பெயரை 'கைகளை விரித்துச் சிரிக்கும் முகம்' என்று மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை பதிந்த பெயரை அழிக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் பழைய பெயரும் பட்டியலில் இருக்கிறது. ஆக, தம்பி கண்ணில் பட்டதும் பொய்யில்லை.

இதற்கு மேல், அண்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் தானே வரைந்த படங்களைக் காட்டும், ஐபோனில் அப்பிள் வரைந்ததைக் காட்டும். அனுப்பியவர் பார்த்த முகம் ஒன்று, வாங்கியவர் பார்க்கிற முகம் இன்னொன்று. சரி, எல்லோருக்கும் ஒரே படம் தெரிந்தாலாவது ஒரே அர்த்தம் எடுப்பார்களா? 2016இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முகப் படங்களைக் காட்டி, இது நல்ல உணர்ச்சியா, கெட்டதா, இரண்டும் இல்லையா என்று ஆட்களிடம் கேட்டார்கள். அச்சொட்டாக ஒரே படத்தைப் பார்த்தவர்கள்கூட நாலில் ஒரு தடவை ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, தூக்கமில்லாமல், அழுது வீங்கிய கண்ணோடு பார்த்த உங்கள் குடும்பத்தைக் குற்றம் சொல்ல முடியுமா?

அந்த முகம் உங்கள் எல்லோரையும் இவ்வளவு தூரம் சுட்டதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. அது நம் தோட்டத்துப் பழக்கத்தில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். வளர்ந்த பிறகு நாம் யாரை, எந்த நேரத்தில் கட்டிப்பிடித்திருக்கிறோம்? பரீட்சை பாஸானதற்கு அப்பா கட்டிப்பிடித்தாரா? தலையில் கை வைத்திருப்பார், அதிகம் போனால் ஒரு இருபது ரூபாய்த் தாள் கொடுத்திருப்பார். பொங்கலுக்குச் சொந்தம் வந்தால் "வாங்க" என்று கும்பிடுவோம், தேத்தண்ணி கொடுப்போம். புருசன் பெண்சாதி பிள்ளைகள் முன்னால் கையைக்கூடத் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எழவு வீட்டில்? அடுத்த தோட்டத்திலிருந்து வருகிற பெண்கள் லயத்துக்குக் கீழே வளைவு திரும்பும்போதே சத்தம் வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் எழுந்து போய் எதிர்கொண்டு தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். பத்து வருசம் பேசாமல் இருந்த சம்பந்திகள்கூட அந்த இடத்தில் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடிக்காமல் உள்ளே வர முடியாது. கட்டுநாயக்கவில் பிள்ளையை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும்போதும் அப்படித்தான். நமக்குக் கட்டிப்பிடிப்பது என்றால் அதில் கண்ணீர் இருக்கும். சிரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்கிற வழக்கம் நம் லயத்தில் ரொம்பப் புதுசு. உங்கள் மகளின் வயசுக்காரர்கள்தான் அதைக் கொண்டுவருகிறார்கள், அதுவும் கூட்டாளிகளுக்குள்.

அந்த மஞ்சள் முகத்தை வரைந்தவர்கள் பிறந்தநாளுக்கும் வரவேற்புக்கும் நினைத்து வரைந்திருப்பார்கள். சந்தோசத்தில் கட்டிப்பிடிக்கிற ஊர்க்காரர்களின் முகம் அது. அதைக் கொண்டுவந்து நம் எழவு வீட்டு வாசலில் விட்டால், கை மட்டும் நம் கையாகவும் முகம் யாரோ ஊரான் முகமாகவும் தெரிகிறது. உங்கள் தம்பி முகத்தைப் பார்த்தார். அண்ணி காட்ட நினைத்தது கையாக இருந்திருக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்களே கடிதத்தில் எழுதிய இரண்டு விசயங்கள்.

முதலாவது, இரவு இரண்டரை மணி. தம்பிக்கு அது 'செய்தி வந்து எட்டு மணித்தியாலம் கழித்து, சாவகாசமாக' என்று பட்டிருக்கும். குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். நமக்கு இரண்டரை என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். வேலை முடிந்து, பாத்திரம் கழுவி, அந்த வீட்டார் படுத்த பிறகுதான் போன் கைக்கு வரும் என்பார்கள். சில வீட்டில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அப்படியானால் அண்ணிக்குச் செய்தி தெரிந்ததே அந்த நேரமாக இருக்கலாம். அந்த அறையில் அவர் தனியாக இருந்திருந்தாலும் வாய்விட்டு அழ முடியாது, வொயிஸ் போட்டால் சத்தம் வெளியே கேட்கும். தமிழில் தட்டச்சு செய்யத் தெரியுமா அவருக்கு? நம் அக்கா, அண்ணி வயசுப் பெண்கள் பலர் போனில் எழுதுவதே இல்லை, பேசுவார்கள் அல்லது படம் போடுவார்கள். பேசவும் முடியாமல் எழுதவும் வராமல் போனால் மிஞ்சுவது படம்தான்.

இரண்டாவது, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "இரண்டு பிள்ளைகளையும் எங்கள் அம்மாதான் வளர்த்தார்" என்று. ஆறு வருசம், தங்கச்சி. மாமியார் மருமகளுக்குள் ஆயிரம் இருந்திருக்கும், எந்த வீட்டில் இல்லை? ஆனால் தன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய கை போய்விட்டது என்று கேள்விப்பட்ட தாய்க்கு அந்த இரவில் என்னென்ன ஓடியிருக்கும்? இனி பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பயமும் சேர்த்து. மூன்று முகம் ஏன் போட்டார் என்று எல்லோரும் கேட்டீர்கள். உங்களுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்றுகூட இருக்கலாம். அவரிடம் கேட்டால்தான் தெரியும், இதுவரை யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு வேண்டாம், ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிள்ளைகளோடு அண்ணி பேசிக்கொண்ட பழைய செய்திகளைப் பாருங்கள், பெரியவளிடம் அனுமதி கேட்டுவிட்டு. சின்னவனுக்குக் காய்ச்சல் என்றபோது அண்ணி என்ன படம் போட்டார்? பள்ளிக்கூடத்தில் அடிபட்டது என்றபோது? அங்கேயும் அதே கை விரித்த முகம் இருந்தால், அது அவருக்கு அணைப்பு, சந்தேகமே வேண்டாம். பிறந்தநாளுக்கும் புதுச் சட்டைக்கும் மட்டும் இருந்தால், அவருக்கும் அது சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கிறது, அன்றைக்குக் கை தவறியோ அவசரத்திலோ போட்டிருக்கிறார் என்று எடுக்கலாம். மாமியார் செத்ததைக் கொண்டாட நினைக்கிற மருமகள், மாமியாரின் சொந்தம் அத்தனையும் உட்கார்ந்திருக்கிற குரூப்பில் வந்து கொண்டாடுவாளா? அவ்வளவு துணிச்சல் உள்ளவர் என்றால், திட்டு வாங்கியதும் பேசாமல் விலகியிருக்க மாட்டார்.

பேசலாமா என்று கேட்டீர்கள். பேசுங்கள், டிசம்பர் வரை வைக்காதீர்கள். வந்து இறங்கிய பிறகு பேசலாம் என்றால், அவர் வாசலில் கால் வைக்கும்போதே இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அழைப்பு எடுக்க வேண்டாம், அவருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று நமக்குத் தெரியாது. ஒரு வொயிஸ் போடுங்கள். நீளமாக வேண்டாம்:

"அண்ணி, நான்தான். அம்மா போன அன்னைக்கு நீங்க போட்டத நாங்க எல்லாரும் தப்பா எடுத்துட்டோம். நீங்க அங்க தனியா என்ன பாடுபட்டீங்களோன்னு இப்பதான் யோசிக்கிறேன். உங்களுக்கு எப்ப பேச முடியுதோ எடுங்க. நடுச்சாமம்னாலும் பரவாயில்ல."

"ஏன் அப்படிப் போட்டீங்க" என்ற கேள்வியை முதல் பேச்சில் கேட்காதீர்கள். கேட்டால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுவார். அவர் எடுத்தால் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். கடைசி நாளில் என்ன சாப்பிட்டார், யார் பெயரைச் சொன்னார், நெய்ப்பந்தம் பிடிக்கும்போது சின்னவன் பயந்தானா, மழை பெய்ததா, எத்தனை பேர் வந்தார்கள். எழவு வீட்டில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம். அவருக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்தது ஸ்கிரீன் ஷொட்டும் ஏச்சும்தான். படம் எதுவும் அனுப்புவதாக இருந்தால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பெட்டியில் கிடக்கும் முகத்தைப் பார்க்க எல்லோராலும் முடியாது.

தம்பி விசயம் கொஞ்சம் கஷ்டம். கடைசி மகன், தாய்க்குக் கொள்ளி வைத்தவர் அவராகத்தான் இருப்பார். அன்றைக்கு அவருக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, கையில் அகப்பட்டது அந்த மூன்று முகம். நோய்க்கு நேரத்தோடு காட்டவில்லையே, நல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையே என்று தன்மேலேயே வருகிற கோபத்தை வெளியே யார்மேலாவது இறக்கிவைப்பது துக்கத்தில் நடக்கிறதுதான். அவரை உட்காரவைத்து யுனிகோட் விளக்கம் சொல்ல வேண்டாம், இன்னும் ஏறுவார். அண்ணியோடு நீங்கள் பேசிய பிறகு, "அண்ணி அழுதாங்கடா" என்று மட்டும் சொல்லுங்கள், அவர் அழுதிருந்தால். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏசியது குரூப்பில், அதனால் சரிப்படுத்துவதும் குரூப்பில்தான் நடக்க வேண்டும். சந்தியில் திட்டிவிட்டு அடுப்படியில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய. "அண்ணி போட்டத நான் தப்பா வெளங்கிக்கிட்டேன், அத பத்தி இனி யாரும் பேச வேணாம்" என்று தம்பி எழுதினால் போதும். அவர் எழுத மாட்டேன் என்றால் நீங்கள் எழுதுங்கள். அதன் பிறகு அண்ணியைத் திரும்பவும் குரூப்பில் சேர்ப்பதா என்பதை அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

இனி உத்தியோகத்தர்.

இங்கே நான் உங்கள் வீட்டுக்காரர் அளவுக்குக் கவலைப்படவில்லை. காரணம், அவர் எழுதியதாக நீங்கள் சொன்னது இரண்டே விசயம். அறிக்கைக்கு நன்றி, அம்மாவின் இழப்புக்கு ஆறுதல். இரண்டும் அவர் எழுத வேண்டிய நேரத்தில் எழுதியவை. அந்த முகத்தை 'நன்றி, சந்தோசம்' என்ற பொருளில் போடுகிற ஆட்கள் நம் நாட்டில் ஏராளம். பெயரைத் தட்டிப் பார்த்தா போடுகிறார்கள்? விரலுக்கு முன்னால் எது நிற்கிறதோ அதைப் போடுவார்கள். எழவு விசயத்துக்கும் அதையே போட்டிருக்கிறாரே, அதிலிருந்தே தெரிகிறது, அவர் படத்தை உற்றுப் பார்க்கிற ஆள் இல்லை. உங்கள் அண்ணி செய்ததையேதான் அவரும் செய்தார். அவரை யாரும் ஸ்கிரீன் ஷொட் எடுக்கவில்லை. இதைத் தம்பியிடம் எப்போதாவது சொல்லிப் பாருங்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில பேர் இந்த மாதிரிப் படத்தை வைத்துத்தான் ஆழம் பார்ப்பார்கள். பதில் சிரிப்பு வந்தால் ஒரு படி ஏறுவார்கள், முறைத்தால் "சும்மா ஒரு படம்தானே டீச்சர்" என்று நழுவிவிடுவார்கள். வார்த்தை என்றால் பிடித்துக் கேட்கலாம், படத்தைப் பிடித்துக் கேட்டால் நம்மைத்தான் பைத்தியம் என்பார்கள். அதனால் படத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். மற்ற ஆசிரியைகளுக்கும் அதே படம் போகிறதா, உங்களுக்கு மட்டுமா? வேலை நேரத்திலா, ஊர் அடங்கிய பிறகா? வேலை பேச்சோடு நிற்கிறதா, "சாப்பிட்டீங்களா, வீட்டுக்காரர் வந்துட்டாரா" என்று நீள்கிறதா? அனுப்பிவிட்டு அழிக்கிறாரா? நேரில் பார்க்கும்போது நடப்பு எப்படி? இதில் எல்லாமே சுத்தம் என்றால் அந்த முகம் வெறும் நன்றிதான்.

எதுவானாலும் உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை இல்லை. இனிமேல் நீங்கள் திருப்பிப் போடாதீர்கள். "சரி சேர்" என்று எழுதி முடியுங்கள். அறிக்கையைத் தனியாக அனுப்பாமல் ஆசிரியைகளின் குரூப்பில் போடலாம். அதற்கும் மிஞ்சி நடந்தால், "சேர், வேலை விசயம் மட்டும் அனுப்புங்க" என்று ஒரு தடவை எழுத்தில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் செய்திகளைத் தேதி நேரத்தோடு பத்திரப்படுத்திவிட்டு 1938க்கு அழையுங்கள், பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம், தமிழிலேயே பேசலாம். தண்டனைச் சட்டக் கோவையில் 1995இல் திருத்திய 345ஆம் பிரிவு, அதிகாரத்தில் இருக்கிறவர் வேலையிடத்தில் சொல்லாலோ செயலாலோ கொடுக்கிற பாலியல் தொந்தரவையும் குற்றமாகச் சொல்கிறது. ஒரு மஞ்சள் முகத்துக்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு மேல் ஒரு அதிகாரி இருக்கிறார், அவருக்கு மேல் சட்டம் இருக்கிறது என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. சந்தேகம் வந்தால் போனை வாங்க முன்னால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். சாப்பாட்டோடு கோபிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி எழவுச் செய்திக்கு என்ன போடுவது என்று குரூப்பில் யாராவது கேட்டால், எழுதத் தெரிந்தவர்கள் ஒரு வரி எழுதட்டும், தெரியாதவர்கள் வொயிஸ் போடட்டும். படம்தான் வேண்டும் என்றால் கைகூப்பிய படம் போதும், நம் ஊரில் அதைத் தப்பாக எடுக்கிறவர்கள் குறைவு. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு, முகம் தெரியாமல் நிற்கிற ஒரு படம் 2020இல் வந்திருக்கிறது. சிரிப்பு இல்லாத அணைப்பு, நம் எழவு வீட்டுக்குப் பொருத்தமானது. ஆனால் அது முகங்களின் வரிசையில் இருக்காது, ஆட்களின் வரிசையில் கடைசிப் பக்கம் போய்த் தேட வேண்டும். பழைய போன் என்றால் படத்துக்குப் பதில் வெறும் பெட்டிதான் தெரியும், எழவு வீட்டுக்குப் பெட்டி அனுப்பினார்கள் என்று அதற்கும் ஒரு சண்டை வரும்.

கடைசியாக, நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். அந்த 14 வயசுப் பிள்ளை குரூப்பில் இருக்கிறாள். தம்பி போட்ட ஸ்கிரீன் ஷொட்டை அவள் பார்த்திருக்கிறாள், பெரியம்மா பிள்ளைகள் அவளுடைய தாயைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறாள். தாய் விலகியதும் அவளுக்குத் தெரியும். வளர்த்த பாட்டி செத்த அன்றைக்கே, பெற்ற தாயை ஏசிய ஆட்களின் வீட்டில்தான் அவள் இப்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அவள் ஒன்றும் பேசவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

அண்ணிக்கு வொயிஸ் போட முன்னால் இவளிடம் பேசுங்கள். சின்னவனும் உங்கள் மகளும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, நேரடியாகச் சொல்லுங்கள்: "உங்க அம்மாவ நாங்க ஏசினது தப்பு. உங்க அம்மா சிரிக்கல." அவள் சித்தப்பா மேல் கோபப்பட்டால் தடுக்காதீர்கள், அவரைத் தாங்கிப் பேசாதீர்கள். "நீங்க ஏன் அன்னைக்கு ஒன்னும் சொல்லல அத்தை?" என்று உங்களையும் கேட்பாள். அதற்கு நல்ல பதில் உங்களிடம் இருக்காது, இல்லை என்றே சொல்லிவிடுங்கள். பாட்டி செத்த பிறகு அவள் தாயோடு எத்தனை தடவை பேசினாள், பேசும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாராவது இருந்தார்கள் என்றால், இன்றைக்கே ரீலோட் போட்டுக் கொடுத்து, நடுச்சாமம் வரை விழித்திருக்க விட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாயோடு பேசச் சொல்லுங்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் பரவாயில்லை.